நீரறிந்து நடக்கும் மலைவழி

நுழையும்முன்

மலை என்றதும் அருவியும் பசுமையும் நினைவுக்கு வருவது இயல்பு. தமிழகத்து மலைகள் அனைத்தும் அத்தகையன அல்ல. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, சிறிது நேர மழையிலேயே காட்டாறு பெருகும் மலைகளும் உள்ளன. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உயர்ந்து நிற்கும் சதுரகிரி அவற்றுள் ஒன்று. மதுரை மாநகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் அதன் அடிவாரத்தை அடையலாம். அம்மலையில் ஏறும் வழியையும், அவ்வழியில் நடப்போர் அறிந்திருக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆற்றுப்படுத்தும் மரபு

வழி அறிந்தவர் வழி அறியாதவருக்கு எடுத்துரைப்பதைத் தனியோர் இலக்கிய வகையாகவே வளர்த்தவர் தமிழர். அதுவே ஆற்றுப்படை. ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர்களை நன்னனிடம் ஆற்றுப்படுத்தும் நூல். பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகளை உடையது. நன்னனின் கொடைச்சிறப்பைப் புகழ்வதோடு புலவர் நின்றுவிடவில்லை. இடையில் உள்ள மலைவழியின் இடர்களையும் முறையாக எடுத்துரைக்கிறார். பன்றிகளுக்காக வைக்கப்பட்ட பொறிகள், பாம்புகள் உறையும் இடங்கள், புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், கால் வழுக்கும் பாறைகள் எனப் பலவற்றைக் கூறி, ஒவ்வோரிடத்தையும் எவ்வாறு கடப்பது என்றும் அறிவுறுத்துகிறார். இலக்கைச் சொல்பவன் வழியின் தீங்கையும் சொல்ல வேண்டும் என்பது அப்புலவர் கொண்ட கடமை.

சதுரகிரிக்கு ஏறும் வழியிலும் இம்மரபு வேறொரு வடிவில் வாழ்கிறது. அவ்வழியில் உள்ள பாறைகளுக்கும் ஓடைகளுக்கும் ஊற்றுகளுக்கும் மக்கள் இட்ட பெயர்களே அவ்வழியின் ஆற்றுப்படை எனலாம். அப்பெயர்களின் பொருளை உணர, முதலில் அம்மலையின் இயல்பை அறிதல் வேண்டும்.

மழைமறைவு நிலம்

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து, மலையின் மேற்குச் சரிவில் மழையாகப் பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அக்காற்று ஈரம் இழந்து வெம்மை பெறுகிறது. எனவே, கேரளத்தில் மழை கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் விருதுநகர்ச் சீமையில் வறண்ட காற்றே வீசுகிறது. இத்தகைய நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். இப்பகுதிக்கு உரிய மழையின் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது.

இவ்வறட்சி இம்மாவட்டத்தின் வாழ்வை வடிவமைத்துள்ளது. கரிசல் நிலத்தில் மழையை நம்பிய வேளாண்மை பொய்த்தபோது, மக்கள் வேறு தொழில்களை நாடினர். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீக்குச்சியின் மருந்தும் பட்டாசின் மருந்தும் உலர்வதற்கு ஈரமற்ற காற்றும் நல்ல வெயிலும் வேண்டும். வேளாண்மைக்குப் பகையான வறட்சி இத்தொழில்களுக்குத் துணையானது. சிவகாசியின் வானில் காயும் அதே வெயில்தான், மேற்கே தெரியும் மலைச்சரிவின் புல்லையும் சருகையும் காயச் செய்கிறது. சமவெளியில் தொழிலுக்கு உதவும் உலர்ச்சி, மலையில் நடப்பவருக்கு இடராகிறது.

குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். சதுரகிரியின் கீழ்ச்சரிவைக் கோடையில் காண்பவர், இது வெறும் கற்பனை அன்று என்பதை உணர்வர். மழைக்காலத்தில் தழைத்து நின்ற அதே சரிவு, பங்குனியில் இலையுதிர்த்துப் பாறையும் சருகுமாய் நிற்கும்.

பெயர்கள் காட்டும் வழி

சதுரகிரிக்கு ஏறும் வழிகளுள் மக்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது, வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறையில் தொடங்கும் வழியாகும். மலைமேல் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோவில்கள் உள்ளன. ஏறத் தொடங்கும் இடம் விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்தது. கோவில்கள் அமைந்த இடமோ மதுரை மாவட்ட எல்லைக்குள் வருகிறது. சித்தர்கள் உறைந்த மலை என்னும் நம்பிக்கையால் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மக்கள் திரள்வர். ஆடி அமாவாசையன்று கூட்டம் மிகப் பெரிது. பழக்கமுள்ளவரும் ஏறுவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். வழியின் பெரும்பகுதி பாறைகளும் உருளைக்கற்களும் நிறைந்த ஏற்றம். பல இடங்களில் ஓடையைக் கடந்தே செல்ல வேண்டும்.

இவ்வழியில் உள்ள இடப்பெயர்களை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதல் வகை, நீரைக் குறிப்பன. மாங்கனி ஓடை, அத்தியூற்று, நாவலூற்று என்பன அவை. இப்பெயர்களில் மாவும் அத்தியும் நாவலும் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. வறண்ட மலையில் இம்மரங்கள் செழித்து நிற்பது பெரும்பாலும் நிலத்தடி ஈரம் உள்ள ஓடைக்கரைகளில்தான். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நீர் தெரியாது. கருமை கலந்த பசுமையாய் நிற்கும் மரக்கூட்டம் தெரியும். எனவே, மரத்தின் பெயரைச் சொன்னாலே நீரிருக்கும் இடத்தின் அடையாளத்தையும் சொன்னதாகிறது.

இரண்டாம் வகை, இடரைக் குறிப்பன. வழுக்குப்பாறை என்னும் பெயர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. நீரோட்டத்தால் வழவழப்பாகிய பாறை, உலர்ந்த நாளிலும் கவனத்தை வேண்டும். நனைந்த நாளில் கால் தங்காது. பெயரைக் கேட்டவுடனே நடையைத் தளர்த்த வேண்டும் என்பது முன்னோர் விட்டுச்சென்ற எச்சரிக்கை.

மூன்றாம் வகை, இளைப்பாறும் இடத்தைக் குறிப்பன. சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை என்னும் பெயர்கள் அத்தகையன. கிடை என்பது கால்நடைகளை அடைத்து வைக்கும் இடம். அதற்குச் சற்றுச் சமதளமான நிலம் வேண்டும். ஆகவே, ஏறி வருபவருக்கு மூச்சு வாங்க ஏற்ற இடம் இது என்பதை அப்பெயர் அறிவிக்கிறது.

இப்பெயர்களைப் பொருள் அறியாது கடந்து செல்பவர், எதிரே இருக்கும் வழிகாட்டிப் பலகையைப் படிக்காது செல்பவரை ஒத்தவர். ஆயினும், ஊற்று என்று பெயர் பெற்ற இடத்தில் எந்நாளும் நீர் இருக்கும் என நம்பிச் செல்லுதலும் தவறு. மழை பொய்த்த ஆண்டில் ஊற்றும் வற்றும். எனவே, வழியில் கிடைக்கும் நீரைக் கணக்கில் கொள்ளாமல், வேண்டிய நீரை உடன் கொண்டு செல்வதே அறிவுடைமை.

உடலும் நீரும்

வெயிலில் மலையேறும் ஒருவரின் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். உடலைக் குளிர்விக்க இயற்கை வகுத்த வழி இது. காற்று வறண்டிருந்தால் வியர்வை தோன்றியவுடன் ஆவியாகிவிடும். அதனால் தம் உடல் எவ்வளவு நீரை இழந்தது என்பதை நடப்பவர் உணர்வதில்லை. தாகம் எடுக்கும்போது நீரிழப்பு முன்பே தொடங்கியிருக்கும். ஆகவே, தாகத்துக்குக் காத்திராமல், சிறிது சிறிதாக அடிக்கடி பருகுதல் வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் நீர்மோரோ, உப்பும் எலுமிச்சைச்சாறும் கலந்த நீரோ உடன் இருத்தல் நன்று.

நீரைக் காலத்தோடு சேர்த்துக் கணக்கிடுதல் இன்றியமையாதது. ஒருவர் நான்கு லிட்டர் நீருடன் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். அது நான்கு கிலோகிராம் சுமை. சுமக்க விரும்பாத மனம் குறைத்துக்கொள்ளவே தூண்டும். ஒன்பது மணிக்குள் இரண்டு லிட்டர் தீர்ந்துவிட்டது. இலக்கோ இன்னும் தொலைவில் உள்ளது. இந்நிலையில் அவர் செய்யத்தக்கது யாது? திரும்புதலே. எஞ்சிய இரண்டு லிட்டர் இறங்குவதற்கு உரியது. இறக்கத்தில் மூச்சு வாங்காது என்பது உண்மையே. ஆனால், வெயில் முற்றியிருக்கும், பாறை சுடும், முழங்கால் தளர்ந்திருக்கும். களைத்த கால் உருளைக்கல்லில் புரள எளிதில் இடமுண்டு. நீரில் பாதி தீர்ந்தபோது, எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும் என்னும் நெறியைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும். ஏறி நிற்கும் இடத்தில், ஆவலும் களைப்பும் சேர்ந்த மனத்தால் அம்முடிவை எடுப்பது கடினம்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, சிறுநீர் அடர்மஞ்சளாதல் ஆகியன நீரிழப்பின் அறிகுறிகள். பேச்சு குழறினாலும் நினைவு தடுமாறினாலும் அது உயிருக்கு ஊறு நேரும் நிலை. உடனே நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறிவிட வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துணைவரின் இத்தகைய மாற்றத்தை முதலில் காண்பவர் உடன் நடப்பவரே. தனியே செல்லலாகாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

வறண்ட ஓடையின் வெள்ளம்

நீர் இன்மையால் வரும் இடர் ஒருபுறமிருக்க, நீரால் வரும் இடரும் இம்மலையில் உண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், அமாவாசை வழிபாட்டுக்காகச் சதுரகிரிக்குச் சென்றவர்கள் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினர்; உயிரிழப்புகள் நேர்ந்தன. கோடை நடுவில், வறண்டு கிடந்த ஓடையில் இவ்வாறு நேர்ந்தது எங்ஙனம்?

கோடையின் பிற்பகலில் வெம்மையால் மேலெழும் காற்று, மலைமுகட்டில் இடிமழையாகத் திரள்வதுண்டு. சரிவு செங்குத்தானது, பாறையின்மேல் மண் மெல்லிய படலமாகவே உள்ளது. பெய்யும் மழையை உறிஞ்சித் தேக்கிக்கொள்ள அங்கு இடம் குறைவு. பல சரிவுகளில் விழுந்த நீர் ஒரே நேரத்தில் குறுகிய ஓடைக்குள் வந்து சேர்கிறது. மழை பெய்வது மேலே. ஓடையைக் கடப்பவர் நிற்பது கீழே. அவர் தலைக்குமேல் வானம் தெளிவாகவே இருக்கக்கூடும்.

ஆகவே, ஓடைப்படுகையில் அமர்ந்து உண்பதும் உறங்குவதும் தவிர்க்கத்தக்கன. தெளிந்திருந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேற்புறத்திலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியன வெள்ளத்தின் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன், உடைமைகளை விட்டாயினும் பக்கவாட்டு மேட்டில் ஏற வேண்டும். ஓடை பெருகிவிட்டால் அக்கரை செல்ல முயலாது, வடியும் வரை காத்திருத்தல் வேண்டும். திடீரெனப் பெருகும் காட்டாறு பெரும்பாலும் விரைவிலேயே வடியும். காத்திருக்க இயலாமல் இறங்குவோரையே அது இழுத்துச் செல்கிறது.

சரிவில் ஏறும் தீ

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் காட்டுத்தீ மூண்டது. நகரங்களிலிருந்து மலையேற்றத்துக்கு வந்திருந்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளைஞர். காய்ந்து உயர்ந்து நின்ற புல்வெளிச் சரிவில் தீயின் விரைவுக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சமநிலத்தைக் காட்டிலும் சரிவில் தீ மேல்நோக்கி விரைவாகப் பரவும். சுடரும் வெப்பமும் மேலே சாய்ந்து, அடுத்துள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திப் பற்றச்செய்வதே காரணம். பகலில் மலைச்சரிவில் காற்றும் மேல்நோக்கி வீசுவதால் தீக்கு மேலும் விசை கிடைக்கிறது. எனவே, தீ கீழே இருக்கும்போது முகட்டை நோக்கி ஓடுதல் பெரும் இடர். தீயின் போக்குக்குக் குறுக்காக விலகி, புல்லற்ற பாறைப்பரப்பையோ ஓடையையோ முன்பே எரிந்து தணிந்த நிலத்தையோ அடைதலே தக்கது. இவையும் எப்போதும் கைகூடும் என்பதற்கில்லை. தீக்காலத்தில் மலைக்குச் செல்லாதிருத்தலே உறுதியான காப்பு.

குரங்கணி நிகழ்வுக்குப் பின்னர், மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டிலேயே வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், இணையவழி முன்பதிவுடனும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடனும் செல்லத்தக்க 40 மலையேற்ற வழிகளை அறிவித்தது. சதுரகிரி அடிவாரத்திலும் வனத்துறையினர் சோதனை செய்தே மக்களை அனுமதிக்கின்றனர். நெகிழிப் பைகளோடு, எளிதில் தீப்பற்றும் பொருள்களும் அங்குத் தடுக்கப்படுகின்றன. தீப்பெட்டிக்குப் புகழ்பெற்ற சீமையின் மலைமீது தீப்பெட்டிக்கு இடமில்லை. கனமழை அறிவிப்பு உள்ள நாள்களிலும் காட்டுத்தீ மூண்ட நாள்களிலும் மலையேறத் தடை விதிக்கப்படுகிறது. விடுப்பெடுத்துத் தொலைவிலிருந்து வந்தவருக்கு அத்தடை ஏமாற்றம் அளிக்கலாம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2018ஆம் ஆண்டுத் தீயையும் அறிந்தவர், அத்தடையின் பொருளையும் அறிவர்.

தெரிந்து தெளிவோம்

திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி, சாம்பல்நிற மலை அணில்களின் சரணாலயமாக 1988ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இவ்வணில் பெரும்பாலும் தரையிறங்காமல், ஓடைக்கரை மரங்களின் பிணைந்த கிளைகள் வழியே தாவிச் செல்லும். கிளைத்தொடர்ச்சி அறுபட்டால் இதன் வாழ்வும் அறுபடும். 2021ஆம் ஆண்டு இச்சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். பளியர் பழங்குடியினர் தாணிப்பாறை, செண்பகத்தோப்பு முதலிய மலையடிவாரக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர்.

மலை சமவெளிக்குத் தருவது

சதுரகிரியில் நடப்பவருக்கு நீர் அரிதாகத் தோன்றினாலும், சமவெளி மக்களுக்கு நீர் தருவது அம்மலைத்தொடரே. அதன் சரிவுகளில் பெய்யும் மழைநீர், ஓடைகள் வழியே இறங்கிப் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளிலும் வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களிலும் தேங்குகிறது. அங்குள்ள நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் அந்நீரால் வாழ்வன. மலையடிவாரத்திலிருந்து வரும் அர்ச்சுனா நதி, இருக்கன்குடி அருகே வைப்பாற்றுடன் கூடுகிறது.

காடு அடர்ந்திருந்தால் சருகும் வேரும் மழைநீரின் விரைவைத் தணித்து, ஒரு பகுதியை மண்ணுக்குள் இறக்கும். அந்நீரே பின்னர் அத்தியூற்றாகவும் நாவலூற்றாகவும் கசிந்து வரும். தீயால் சரிவு வெறுமையானால் மண் அரித்துச் செல்லும்; மழை வெள்ளமாகும்; ஊற்று வற்றும். கவனமின்றி எறியப்பட்ட ஒரு தீக்குச்சியின் விளைவு மலையோடு முடிவதில்லை. அது கீழே உள்ள கண்மாயையும் வயலையும் சென்றடையும். எனவே, மலைவழியில் ஒருவர் கொள்ளும் கவனம் தம் உயிரைக் காப்பதோடு, பிறருடைய நீரையும் காக்கிறது.

மலைபடுகடாம் பாடிய புலவர், தாம் அறிந்த வழியின் இடர்களைப் பின்வருவோருக்காக எடுத்துரைத்தார். சதுரகிரியில் நடந்த பெயரறியா மக்கள் ஓடைக்கும் பாறைக்கும் பெயரிட்டு அப்பணியைச் செய்தனர். அப்பெயர்களைப் பொருள் உணர்ந்து ஒலித்து, ஊற்றை மாசுபடுத்தாது பருகி, கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு இறங்குதல் இன்று நடப்போரின் கடன். நாவலூற்று என்னும் பெயர் நிலைப்பதற்கு, அங்கே நாவலும் ஊற்றும் நிலைத்திருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மலை, ஓடை, கண்மாய், பாறை ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் நீரையும் இடரையும் இளைப்பாறும் இடத்தையும் குறிப்பனவற்றை வகைப்படுத்துக.

2. மழைமறைவுப் பகுதி உருவாகும் முறையைப் படம் வரைந்து வகுப்பில் விளக்குக.

3. நண்பர்கள் ஐவர் கோடையில் மலையேறத் திட்டமிடுகின்றனர். அவர்களுக்கு வேண்டிய நீரின் அளவு, புறப்படும் நேரம், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஆற்றுப்படை முறையில் உரைநடையாக எழுதுக.